நம்பிக்கை பத்துக்குப் பத்து

ஆய்வாளருக்கு அந்த ஆள் மேல் சந்தேகம் தட்டிவிட்டது. பார்வையில்லாதவர் என்று சொல்லித்தான் தானோட்டி வண்டியின் சோதனைப் பயணத்துக்குச் சேர்ந்திருந்தார். ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்பே எப்படி நிமிர்ந்து உட்காருகிறார்?

"பயமா இருக்கா சார்? வண்டி தானாவே ஓடுது, டிரைவரே கிடையாது" என்றாள் ஆய்வாளர், அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடி.

"எனக்கென்னம்மா பயம்?"

மற்றவர்கள் எல்லாம் கைப்பிடியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இவரோ கால் மேல் கால் போட்டிருந்தார். அவர் முகத்துக்கு நேரே சத்தமில்லாமல் கையை ஆட்டினாள். இமை அசையவில்லை. பலே நடிகர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டி நின்றது.

"நம்பிக்கைக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"பத்துக்குப் பத்து."

அவளுக்குப் பொறுக்கவில்லை. "உண்மையைச் சொல்லுங்க சார். உங்களுக்குக் கண்ணு தெரியுமா?"

"முதல்ல நீங்க உண்மையைச் சொல்லுங்க." முன்னிருக்கையை மறைத்திருந்த தடுப்பைத் தட்டினார். "வேகத்தடை வந்தா பிரேக்கை ரெண்டு தரம் தொட்டுட்டு ஏறுறது என் வீட்டுக்காரி மட்டும்தான்."

தடுப்புக்குப் பின்னால் ஒளிந்து ஓட்டிய பெண், அதுவரை அடக்கிய சிரிப்பை விட்டாள்.

ஆய்வாளர் அசடு வழிந்தாள். "தானா ஓடுற வண்டி இன்னும் தயாராகலை சார். அதுக்குள்ள பயணிங்க மனசைத் தெரிஞ்சுக்கத்தான்... ஆனா புருஷன் பொண்டாட்டின்னு ரெண்டு பேருமே சொல்லலையே!"

"வீட்ல கூட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினீங்கல்ல? அவகிட்டயும் வாங்கியிருப்பீங்க!"