நாலாவது கதவு

வெளியே நின்று குழந்தை கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூன்று பெரியவர்களில் ஒருவர்கூட எழுந்து போய்த் திறந்துவிடவில்லை. பெற்ற தாயே, "இன்னும் நல்லாத் தள்ளு, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினாள்.

தாய்மாமன் மட்டும் டீயைத் தொடவில்லை. கம்பி வேலியும் கேட்டும் செய்து மாட்டுவதுதான் அவன் பிழைப்பு. அந்தக் கதவு அவன் கைவேலை. அது திறந்தால் அவன் மானம் கப்பலேறிவிடும்.

விஷயம் இதுதான். அக்கா வாங்கிய வீட்டின் பின்பக்கம் ஒரு நீச்சல்குளம் இருந்தது. குடிவந்த அன்றே அதிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அவள் இறைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ் அவள்.

"தண்ணியில விழுற குழந்தை கத்தாதுடா. நாம பாட்டுக்குக் கூடத்துல உட்கார்ந்து பேசிட்டிருப்போம்" என்றாள் தம்பியிடம்.

குளத்தைச் சுற்றி வேலி வேண்டும். அதில் வாண்டு திறக்க முடியாத கதவு வேண்டும். அது அமைகிற அன்றைக்குத்தான் தண்ணீர். அப்போதும் பெரியவர் ஒருவர் கண்ணை எடுக்காமல் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அத்தான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அக்கா இம்மியும் இறங்கி வரவில்லை.

வாண்டு என்பது அவர்களுடைய ஐந்து வயது மகள். முதல் கதவின் தாழ்ப்பாளைத் துடைப்பக் கட்டையால் தட்டியே தூக்கிவிட்டாள். அடுத்ததில் குறுக்குக் கம்பிகள் இருந்தன. ஏணி மாதிரி ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். அதற்கப்புறம் வந்தது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அது சாத்துவதற்குள் இடுக்கில் அப்பாவின் செருப்பைச் செருகிவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல நகர்ந்துகொண்டாள்.

"ஊருக்கெல்லாம் கேட் போடுற, உன் மருமக ஒருத்திக்குப் போட முடியலையே" என்று அக்கா சிரித்த சிரிப்பு மாமனைச் சரியாகச் சாப்பிடக்கூட விடவில்லை.

அதனால் இந்தக் கதவில் தன் மொத்த மூளையையும் கொட்டியிருந்தான். எல்லாமே நெட்டுக்குத்துக் கம்பிகள். கால் வைக்க இடம் கிடையாது. கொக்கி உள்பக்கத்தில், அவனுடைய நெஞ்சு உயரத்தில். அதன் உச்சியிலிருக்கும் குமிழைப் பிடித்து மேலே இழுத்தால்தான் விடும். நேற்றே கொண்டுவந்து மாட்டிவிட்டான். பரீட்சை இன்று.

வாண்டு நீச்சல் உடையும் இடுப்பில் காற்றடைத்த வளையமுமாகப் பரீட்சைக்கு வந்து நின்றாள். எவ்வளவு தெனாவெட்டு இருந்தால் இந்தக் கோலத்தில் வருவாள் என்று மாமன் நினைத்துக்கொண்டான்.

தள்ளினாள். இழுத்தாள். கம்பிகளுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவினாள். கொஞ்ச நேரம் சப்பணமிட்டு உட்கார்ந்து கதவையே முறைத்தாள். பிறகு எழுந்து, "என்னால முடியலம்மா" என்றாள்.

அத்தான் தன் நாற்காலியைத் தட்டித் தாளம் போட்டார். அக்கா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, ஒருவழியாகத் தொழிலைக் கற்றுக்கொண்டாய் என்று பாராட்டினாள். அவனைக் குழாயைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு துண்டு எடுக்க வீட்டுக்குள் போனாள்.

மாமன் ரப்பர் குழாயின் நுனியைக் குளத்துக்குள் போட்டுவிட்டு வேலிக்கு வெளியே வந்தான். கதவு தன்பாட்டில் 'டக்'கென்று சாத்திக்கொண்ட சத்தம் காதில் தேனாக இறங்கியது. சுவரோரம் போய்க் குழாய்த் திருகில் கை வைத்தான். வாண்டு அவன் பின்னாலேயே வந்து நின்றாள்.

தோற்றவளைச் சீண்டாமல் அவனால் இருக்க முடியுமா?

"என்னடி, மூணு கதவை மூச்சு விடுறதுக்குள்ள திறந்தியே, இப்ப மாமாகிட்ட தோத்துட்டியா? இரு, உன் கூட்டாளிங்க எல்லார்கிட்டயும் சொல்றேன்."

வாண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள்; ரோஷம் அடங்கவில்லை. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மாமனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தாள். அவன் காதருகே இரண்டு கைகளையும் குவித்தாள்.

"நேத்தே திறந்து பார்த்துட்டேன் மாமா, அம்மாகிட்ட சொன்னா தண்ணி விட மாட்டாங்க."