வாய்ப்பழக்கம்

தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இதயம் தடதடத்தது, விரல்கள் மரத்தன, மூச்சு தொண்டையிலேயே நின்றது. இந்த நிமிஷமே செத்துவிடுவோம் போலிருந்தது.

“என்னங்க, வந்துட்டாரு.”

இதயத்தில் கோளாறில்லை, இது பீதி நோய், அறிகுறிகளை அடையாளம் கண்டுகொண்டாலே பாதி பயம் போய்விடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அதற்கு ‘விருந்தாளி’ என்று பேர் வைத்திருந்தான் கணவன். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“வாங்க சார், உக்காருங்க. எப்பவும்போல கொஞ்ச நேரந்தானே?”

மூச்சு முட்டலுக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மெல்ல மெல்ல மூச்சு சீரானது, படபடப்பு அடங்கியது.

“சரி சார், போயிட்டு வாங்க” என்றான் அவன்.

அவள் நறுக்கென்று கிள்ளினாள். “ஒவ்வொரு தடவையும் இதையே சொல்லுங்க! வாங்கன்னு சொன்னா வராம இருப்பாரா? போங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

அவன் அசடு வழிந்தான். “போங்க சார்.”

நாற்காலி கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. வாசல் திரை விலகியது.

“அப்ப நான் வரேம்மா” என்றது ஒரு குரல், ரொம்ப மரியாதையாக.

“போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.