காய்ச்சல் வராத பிள்ளை

மைசூர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு தரையில் கிடக்கிறது. வெளியே கன்னடத்தில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஹனூரிலிருந்து பஸ்ஸில் வந்த சொர்ணலதா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே அவளுடைய பன்னிரண்டு நாள் மகன், பாதத்தில் ஊசியோடு, அழாமல் கிடக்கிறான். அவள் மடியில் மஞ்சள் கம்பளிக் குல்லா. “காச்சலே இல்லீங்களே சிஸ்டர். ஒடம்பு சில்லுனுதான் இருந்துச்சு. குளுருதுன்னு நெனச்சு ரெண்டு நாளா குல்லாவத்தான் மாட்டி உட்டேன்.” நர்ஸ் ஸ்வாதி மருந்து சொட்டுவதைப் பார்த்தபடியே, இதே பதிலை இன்று நாலாவது தாய்க்குச் சொல்லும் குரலில் சொல்கிறாள்: “நமக்குக் கிருமி வந்தா ரத்தத்துல இருக்கிற செல்லுங்க ஊரக் கூட்டும், காய்ச்சல் வரும். பிறந்த குழந்தையோட செல்லுங்க அப்படி இல்லம்மா. வயித்துல இருந்தப்போ அம்மாவோட சண்டை வரக் கூடாதுன்னு அடங்கியே இருந்துச்சுங்க. அந்தப் பழக்கம் உடனே போகாது. அதான் ரத்தத்துல கிருமி ஏறியும் காய்ச்சல் வராம உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு.” சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்கிறாள். சொர்ணலதா குல்லாவின் நூலை விரலில் சுற்றுகிறாள், பிரிக்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். பிறகு கிருமிநாசினி தேய்த்த கையைப் பெட்டியின் வட்டத் துவாரம் வழியே விட்டு, மகனின் சுருண்ட விரல்களுக்குள் தன் விரலை நுழைக்கிறாள். “எங்கூட சண்ட போடாம இருந்ததெல்லாம் போதுஞ் சாமி,” என்கிறாள். “இப்பப் போடு.”