ஐந்நூறு அடி வரைக்கும்

"இஞ்சின் போச்சு," என்றார் கேப்டன் தட்சணாமூர்த்தி.

போகவில்லை. அவரே இஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பின்னால் இழுத்துவிட்டு அப்படிச் சொன்னார்.

விமானி ஆவதற்கான தேர்வில் இது ஒரு கட்டம். இஞ்சின் நின்றுவிட்டது என்று இரண்டு பேரும் நம்பியாக வேண்டும். நான் இறங்குவதற்கு ஓர் இடம் பார்த்து, அதை நோக்கி மிதந்தபடி போக வேண்டும். ஐந்நூறு அடியில் அவர் "போதும்" என்பார். உடனே த்ராட்டிலைத் தள்ளி மேலே ஏறிவிடலாம். நிஜமாக யாரும் இறங்குவதில்லை.

கீழே மரக்காணம். கடற்கரை முழுக்கப் படகும் வலையும். சாலையில் இரண்டு பாண்டிச்சேரி பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே இறங்கும் தைரியம் எனக்கு இல்லை.

உப்பளத்தில், இன்னும் தண்ணீர் விடாத நீளமான பாத்தி ஒன்றைப் பிடித்தேன்.

இது என் மூன்றாவது தடவை. போன தடவை எழுநூறு அடியிலேயே பயந்துபோய் நானாக த்ராட்டிலைத் தள்ளிவிட்டேன். 'சொல்வதற்கு முன் கை நீளுகிறது' என்று எழுதி இதே கேப்டன்தான் ஃபெயில் போட்டார். அதற்கு முந்தைய தடவையைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்றாவதும் போனால் பயிற்சிப் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஊருக்கும் போக முடியாது. கிளியனூர் பஸ் ஸ்டாப்பில் என் மாமா வெங்கடாசலம் போன வருடமே பேனர் கட்டிவிட்டார். 'எங்கள் ஊரின் முதல் விமானி வைஜெயந்தி.' என் முகத்துக்குப் பக்கத்தில் அவர் முகம், இரண்டு மடங்கு பெரிதாக.

ஆயிரம் அடி. எண்ணூறு. ஹெட்செட்டில் கேப்டனின் மூச்சு மட்டும் கேட்டது.

ஐந்நூறு.

மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கல்லால மரத்தடியில் உட்கார்ந்த சாமி கூட இப்படி மௌனமாக இருந்திருக்காது.

நானூறு. சரி, என் கையைச் சோதிக்கிறார் என்று புரிந்தது. நீளாது சார். வெட்டிப் போட்டாலும் நீளாது.

முந்நூறு. வரப்பில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள்.

இருநூறு. இப்போது எனக்குப் பயம் இல்லை, கோபம். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அந்தக் கோபத்தில் கை துளி ஆடவில்லை.

நூறு. இறங்கச் சொல்கிறாயா கிழவா? இதோ இறங்குகிறேன்.

இறங்கினேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் அவ்வளவு அழகாக அதுவரை இறங்கியதில்லை. காய்ந்த பாத்தி முழுக்க ஓடி, கடைசி வரப்பை உடைத்து, அடுத்த பாத்தியின் உப்புக்குள் மூக்கை நுழைத்து நின்றது விமானம். காற்றாடியும் நின்றது.

கதவைத் திறந்து காலை வெளியே வைத்தேன்.

"ஏம்மா! ஷூவக் கழட்டு!"

உப்பு வாரும் பலகையோடு ஓர் அம்மாள் ஓடி வந்தார். பெயர் அமராவதி என்று பின்னால் தெரிந்தது. வெறுங்காலால் பத்து நாள் மிதித்து மிதித்துச் சமன் செய்த தரையாம். அதில் செருப்புக் காலை வைக்கவே கூடாதாம். மேலேயிருந்து பிளேன் வந்ததை மன்னித்துவிட்டார், ஷூவை மன்னிக்கவில்லை.

கழட்டினேன். கேப்டனும் கழட்டினார். தோளில் நான்கு தங்கக் கோடு, முழங்கால் வரை மடித்த பேன்ட், கையில் ஷூ. இந்தக் கோலத்தில் வரப்புக்கு ஏறினோம்.

"தெனம் மேல போறது வர்றது டுர்ருன்னு கேக்கும். இது என்னா சத்தமே இல்லாம வந்துச்சி?" என்றார் அமராவதி.

"பரீட்சை, அக்கா. இஞ்சின் நின்னுபோன மாதிரி நடிப்போம். சத்தம் கம்மியாத்தான் இருக்கும்."

"கம்மியா எங்க இருந்துச்சி? இல்லவே இல்ல."

நான் கேப்டனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐந்நூறு அடியில ஏன் சார் போதும்னு சொல்லல?"

"எண்ணூறு அடியிலயே நெஜமா நின்னுடுச்சும்மா," என்றார். "த்ராட்டிலத் தள்ளிப் பாத்தேன். ஒண்ணும் வரல. உன்னப் பாத்தேன், நீ பாட்டுக்குக் கீழ பாத்தியையே பாத்து அழகா ஓட்டிட்டிருந்த. பயப்படறதுக்கு ஒரு ஆளு போதும்னு விட்டுட்டேன்."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அமராவதி பலகையைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கேப்டன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தேர்வுத் தாளை எடுத்து என் மடியில் வைத்தார். பாஸ் என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து, கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரம் வரை கோணல்மாணலாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"இத எப்ப சார் எழுதினீங்க?"

"எழுநூறு அடியில," என்றார். "நாளைக்குப் பேப்பர்ல வந்தா, மாணவின்னு போடாம பைலட்டுன்னு போடட்டுமேன்னு."