முதல் குடம்

மஞ்சள் வரவில்லை.

அவள் கண்ணாடிக் குப்பியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மேட்டுத்தெருவில் பிடித்த முதல் குடத்துத் தண்ணீர். நிறமே இல்லை.

இரண்டு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். மஞ்சள் என்றால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். மேல்நிலைத் தொட்டியில் மஞ்சள். கோயில் தெருவில் மஞ்சள். மேட்டுத்தெருவில் மட்டும் இல்லை.

ஒரே தொட்டி. ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவதும், பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவதும் அவள்தான்.

நேற்று இரண்டு பங்கு ஊற்றினாள். கோயில் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மேட்டுத்தெருவில் அப்போதும் நிறம் மாறவில்லை.

நடுவில் எங்கே போகிறது?

"மருந்தத் தொட்டியிலதான் போடுறியா மதினி, இல்ல கோயில் தெருவுல மட்டும் தெளிச்சுட்டு வாறியா?"

ராக்கம்மா கேட்டாள். இடுப்பில் மகள். வயிற்றுப்போக்கில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றி, நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குழந்தை. கையில் இன்னும் பிளாஸ்திரி. இன்னொரு தடவை என்றால் தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குழந்தையை இறக்கிவிட்டு ராக்கம்மா குழிக்குள் இறங்கினாள். மேட்டுத்தெருவில் வீட்டுக்கு வீடு குழி. தண்ணீர் மேலே ஏறாது. அதனால் குழாயை அறுத்துத் தாழ்த்தி, குழிக்குள் குடத்தைச் சாய்த்துப் பிடிப்பார்கள்.

ஐந்தாவது குடம் நிரம்பியது. சும்மா அதிலிருந்தும் குப்பியில் பிடித்து, இவள் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

மஞ்சள்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

முதல் குடத்தில் இல்லாதது ஐந்தாவதில் எப்படி? தொட்டியில் குறை என்றால் எல்லாக் குடமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அழுக்குப் பட்டால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். அப்படியானால் அந்த அழுக்கு தொட்டியிலிருந்து வரவில்லை. தண்ணீர் வருவதற்கு முன்பே, குழாயின் இந்த முனையில் இருக்கிறது.

உள்ளே எப்படிப் போனது?

தொட்டி வால்வை மூடிவிட்டு வந்து குழியோரம் குத்துக்காலிட்டாள். சிந்திய தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஆட்டுப் புழுக்கை ஊறியிருந்தது. குழாயின் வாய் அதற்குள் முழுகியிருந்தது.

மிதந்த வேப்பிலை ஒன்று நகர்ந்தது.

காற்று இல்லை.

இலை குழாயை நோக்கிப் போனது. சுழன்றது. உள்ளே போய்விட்டது.

"ஆத்தாடி, குழாயில்ல தண்ணி குடிக்குது!" என்றாள் ராக்கம்மா.

கோயில் தெரு பள்ளத்தில் இருக்கிறது. தெருவுக்கு ஒரு வால்வு. முதலில் கோயில் தெரு, பிறகு நடுத்தெரு, கடைசியில் மேட்டுத்தெரு. அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரும் அப்படித்தான் திறந்தார். ஒன்றைத் திறக்க இன்னொன்றை மூடியதில்லை. எல்லாத் தெருவும் பிடித்தது போக மேடு ஏற வேகம் மிஞ்சவில்லை. அதனால்தான் குழி.

முடிந்ததும் தொட்டி வால்வை மட்டும் மூடுவாள். தெரு வால்வுகள் மறுநாள் காலைவரை திறந்தே கிடக்கும். குழாயில் மிஞ்சிய தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும். இறங்கும்போது குழியில் கிடப்பதை இழுத்துக்கொள்ளும்.

மறுநாள் முதல் குடத்தில் வருவது அது.

அந்தக் குடத்தில்தான் இவ்வளவு நாளும் குழந்தைக்கு முதலில் மொண்டு கொடுத்திருக்கிறார்கள்.

அவள் சொன்னதைக் கேட்டு, பொழுது சாய்வதற்குள் தெருவே குழிகளைத் தூர்த்தது. குழாய்களை இடுப்புயரத்துக்கு ஏற்றிக் கட்டியது.

காலையில் கோயில் தெருவில் குடங்கள் வரிசையாக நின்றன. வால்வுச் சாவியோடு அவள் அவற்றைத் தாண்டி நடந்தாள்.

"ஏத்தா, எங்க வால்வு இங்கல்ல இருக்கு?"

அவள் நிற்கவில்லை.

மேட்டுத்தெரு வால்வைத் திருகினாள். குழாய் இருமியது. தண்ணீர் இடுப்புயரம் ஏறி வந்து விழுந்தது.

மேட்டுத்தெருவுக்கு முதலில், தனியாக. அதை இறுக்கி மூடிய பிறகே மற்றத் தெருக்களுக்கு.