இங்கே சீனியர் யாரும் இல்லை

கழிவறைக் கதவைத் தாழிட்டுவிட்டு அவள் கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

அண்ணன் குரல். சங்கரன்கோவிலிலிருந்து அனுப்பியிருந்தான்.

"ஏட்டி, மாத்திர போட்டுட்டேன். படுக்கப் போறேன். ஏன் இந்தப் படிப்புன்னு கேப்பாங்கல்லா, என்னப் பத்திச் சொல்லு. பேரச் சொல்லியே சொல்லு. எனக்கு ஒரு வெக்கமும் இல்ல, பாத்துக்க. மதியம் சாப்ட்டியா?"

இன்னொரு முறை கேட்டாள்.

பிறகு முகம் கழுவினாள். கோட்டு நனையாமல் கழுவுவது பெரும்பாடாக இருந்தது. நாத்தனாரிடம் இரவல் வாங்கிய கோட்டு. தோள்பட்டை கொஞ்சம் தொங்கியது.

ஜன்னலுக்கு வெளியே ஒஹையோவின் பனி. நிறுத்தியிருந்த கார்களை எல்லாம் ஒரே நிறமாக்கியிருந்தது.

காலையிலிருந்து நேர்காணலில் இரண்டு அறைகள் முடிந்திருந்தன. இரண்டிலும் ஒரே கேள்வி. ஏன் மனநல மருத்துவம்?

இரண்டிலும் ஒரே பதில். மூளையும் மனமும் சந்திக்கும் இடம், நோயாளியின் கதையைக் கேட்பது, இத்யாதி. கண்ணாடி முன் நின்று உருப்போட்டது. தங்குதடையில்லாமல் வந்தது. கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அவளுக்குத்தான் சொல்லச் சொல்லப் புளித்தது.

உண்மையான பதில் வேறு. அதை மட்டும் சொல்லிவிடாதே என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே இடம் கிடைத்த தோழிகள், காசு வாங்கிக்கொண்டு பயிற்சி கொடுத்தவர், கணவன்கூட. வீட்டில் ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்றால் உனக்கும் வந்துவிடுமோ என்று யோசிப்பார்கள். எதற்கு வீண் வம்பு?

போன வருடம் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடமும் சொல்லவில்லை. இரண்டு தடவையும் எங்கும் இடம் கிடைக்கவில்லை.

இந்த வருடம் கூப்பிட்டது இந்த ஓர் இடம்தான். இதுவும் போனால் டாக்டர் என்பதை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

சொல்லாமல் இருப்பது அவர்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயர் இல்லை. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வந்தது சித்தப்பா மகன். அண்ணனை வீட்டில் வைத்து வெளியே பூட்டியிருந்தார்கள். மண்டபம் அடுத்த தெருதான். கெட்டிமேளம் அவனுக்கும் கேட்டிருக்கும்.

அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரமாக வரும்.

கைபேசியைப் பைக்குள் போட்டாள். தாழ்ப்பாளைத் திறந்தாள்.

மூன்றாவது அறை.

புதுப் பெயின்ட் வாசனை. சுவரில் ஆணி அடித்திருந்தது, படம் இன்னும் மாட்டவில்லை. மருத்துவமனை பழையது. இந்த மனநல ரெசிடென்சி என்ற மேற்படிப்புதான் புதியது. வருகிற ஜூலையில் முதல் வகுப்பு. நான்கே இடங்கள்.

துறைத் தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. காலையிலிருந்து நல்ல நல்ல பதில்களாகக் கேட்டு அலுத்துப்போன முகம்.

ஏன் மனநல மருத்துவம் என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். இந்த முறை சொல்லிவிடுவது என்று நெஞ்சைக் கெட்டிப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தாள்.

அவர் அதைக் கேட்கவில்லை.

"இங்கே உங்களுக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. தெரியாத ஒன்று வந்தால் ஓடிப்போய்க் கேட்க ஒரு சீனியர் கிடையாது. என்ன செய்வீர்கள்?"

இதற்கும் உருப்போட்ட பதில் இருந்தது. பேராசிரியரைக் கூப்பிடுவேன், புத்தகத்தைப் புரட்டுவேன். நாக்கு நுனிவரை வந்தது.

விழுங்கினாள்.

எனக்கு ஒரு சீனியர் இருக்கிறார் என்றாள்.

தலைவி நிமிர்ந்தார்.

அண்ணன் என்றாள். கல்லூரியில் இரண்டாவது வருடம் படிக்கும்போது அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தெளிவாக இருந்த நாட்களில் அவனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். உள்ளே வருவதற்கு முன்னால் வெளியே நின்று உன் பெயரைச் சொல். கதவைச் சாத்தாதே. நான் கட்டிலில் இருந்தால் நீ தரையில் உட்கார், நின்றுகொண்டு பேசினால் எனக்குப் பயமாக இருக்கிறது. குரல் பொய் என்று என்னோடு சண்டை போடாதே. அது என்ன சொல்கிறது என்று கேள்.

இன்றுவரை எந்த நோயாளியின் அறைக்கும் அவள் அப்படித்தான் போகிறாள்.

 

சொல்லி முடித்தபோது தலைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஒன்றும் பிடிபடவில்லை.

போச்சு என்று நினைத்தாள்.

பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பசிதான் வந்தது. அண்ணன் கேட்டது ஞாபகம் வந்தது. மதியம் அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

தலைவி பேனாவின் மூடியைத் திறந்தார்.

உங்கள் சீனியரின் பெயர் என்ன என்று கேட்டார்.

"கோமதிநாயகம்."

தலைவி விழித்தார். அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள். தலைவி எழுதிக்கொண்டே வந்தார். கோமதி என்று வந்ததும் வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தார். இது போதும்தானே என்பதுபோல் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

அவள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் இருக்கிறது, டாக்டர். முழுப் பெயரையும் எழுதுங்கள்."