மறுபடியும் அந்தச் சாயங்காலம்

முதலில் தப்புச் செய்தது பெரிய என்ஜினியர்தான். பேனல்காரரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

மின்சார சப்ஸ்டேஷனில் சுவிட்சு பேனலுக்கு முன்னால் பாதி வாழ்க்கையைக் கழித்தவர் அவர். ஒரு சாயங்காலம், ஊருக்குள் வரும் இரண்டு லைன்களில் ஒன்று அறுந்தது. மொத்தச் சுமையும் மற்றதன் தலையில் விழுந்தது. மில் பக்கம் போகும் கரன்டை உடனே வெட்டினால் அந்த லைன் தப்பிக்கும். அவரும் வெட்டினார். ஆனாலும் ஊரே இருண்டது.

விசாரித்த பெரிய என்ஜினியர், 'பேனலில் இருந்தவர் தாமதித்தார்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார்.

பேனல்காரரை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப் போட்டார்கள். ஓய்வு பெற்றதும் அங்கேதான். ஊரில் 'இருட்டு' என்று பேரும் வைத்தார்கள். மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட, "டார்ச் கொண்டு வரணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

இப்போது, இத்தனை வருஷம் கழித்து, பெரிய என்ஜினியரின் மகள் போன் செய்தாள். மின்சாரப் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறாளாம்.

"ஒரு நடை வந்துட்டுப் போங்க ஐயா. அப்பாதான் கூப்பிடச் சொன்னார்."

"மன்னிப்பு கேக்கப் போறார்," என்று பேனல்காரர் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார்.

"அந்த மனுஷனை நினைச்சதுல பாதி என்னை நினைச்சிருந்தா எனக்கு முட்டி வலியே வந்திருக்காது," என்றாள் மனைவி. "போங்க. திரும்பி வந்து சாப்பாட்டு மேல கோபத்தைக் காட்டாதீங்க."

பயிற்சி நிலையத்தில் பெரிய என்ஜினியரைக் காணோம். மகள் மட்டும்தான் இருந்தாள். ஒரு பெரிய திரைக்கு முன்னால் அவரை உட்கார வைத்தாள். திரையில் அவருடைய பழைய பேனல். அதே விளக்குகள், அதே மீட்டர் முள்.

"என்னம்மா இது, வீடியோ கேமா?"

"அது மாதிரிதான் ஐயா. நம்ம பழைய சப்ஸ்டேஷன், லைனு, மில்லு எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள ஓடுது. நிஜத்துல எதுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, இதுலயும் அவ்வளவுதான் ஆகும். முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. அந்தச் சாயங்காலத்தை ஓட விடறேன். அன்னிக்குச் செஞ்சதைச் செய்யுங்க."

லைன் அறுந்ததைச் சொல்லும் மணி அடித்தது. கை தானாக மில் சுவிட்சுக்குப் போனது. திருகினார்.

திரை இருண்டது.

"இன்னொரு தடவை."

இருண்டது.

"எந்த லைன் போகும்னு இப்ப உங்களுக்கே தெரியும். கையை சுவிட்சு மேலயே வச்சுக்கங்க. மணி அடிச்சதும் திருகுங்க."

வைத்துக்கொண்டார். அடித்ததும் திருகினார்.

இருண்டது.

'நான் சரியாத்தான் செஞ்சேன்' என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னவர்தான். ஆனால் மனைவியிடம்கூடச் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. ஒருவேளை நான்தான் லேட்டோ?

எழுந்தார். "உங்கப்பா எழுதினது சரின்னு காட்டத்தான் என்னை வரச் சொன்னியாம்மா? நல்லா இருங்க ரெண்டு பேரும்."

"உக்காருங்க ஐயா. இதுல யாருமே ஜெயிக்கலை. என்கிட்ட படிக்கறவங்க தோத்தாங்க, நானும் தோத்தேன். உங்க கை தாமதிக்கலை. நீங்க இங்க திருகினா, வெளியில இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கிற பிரேக்கர்தான் நகர்ந்து கரன்டை வெட்டணும். அது கிழடு. அது அசையறதுக்குள்ள அடுத்த லைன் போயிடுது. அப்பா காகிதத்துல கணக்குப் போட்டப்ப, புது பிரேக்கர் நகர்ற வேகத்தைப் போட்டுட்டார். நாங்க அந்தப் பழசையே தேடி எடுத்து, ஓட்டிப் பார்த்து, அதோட வேகத்தை இதுல சேர்த்தோம்."

"எங்க கிடந்தது?"

"நீங்க இருந்த ஸ்டோர் ரூம்லதான்."

பேனல்காரர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"மூலையில பச்சைப் பெட்டியா? அது மேலதான் தினமும் என் சாப்பாட்டு டப்பாவை வைப்பேன்," என்றார். "என்னை ஏன் உக்கார வச்சே? உங்கப்பாவை உக்கார வை."

"அவர் வராத வாரமே இல்ல ஐயா. முதல் நாள், 'ஜெயிச்சுக் காட்டறேன் பாரு'ன்னு சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உக்கார்ந்தார். எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடிச்சுக்கிட்டார். இன்னும் வந்து தோத்துட்டுத்தான் போறார். 'வாயால சொன்னா சமாதானப்படுத்தறோம்னு நினைப்பார், அவர் கையாலயே ஓட்டிப் பார்க்கட்டும்'னு அப்பாதான் சொன்னார்."

"இப்ப எங்க?"

"கீழ கார்ல இருக்கார். இறங்க மாட்டேங்கறார்."

பேனல்காரர் கீழே போனார். கார்க் கண்ணாடி மெல்ல இறங்கியது. பெரிய என்ஜினியருக்கு முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தது.

"வெயிலா இருக்கு. வீட்டுல விட்டுடட்டுமா?" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே.

பேனல்காரர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"விடுங்க. ஆனா வாசலோட திரும்பிடக் கூடாது. உள்ள வந்து, என் கை தாமதிக்கலைன்னு என் பொண்டாட்டி முன்னாடி சொல்லணும். எனக்காக ஊர்ல ஒருத்தர் விடாம சண்டை போட்டவ அவ."

பெரிய என்ஜினியர் தலையாட்டினார்.

வீடு வந்தது. கார் நின்றது. வாசலில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெரிய என்ஜினியரின் கை கதவுப் பிடிவரை போய், அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னொரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்றார், மெதுவாக.

"போலாம்," என்றார் பேனல்காரர். "கொஞ்சம் தாமதமானா ஒண்ணும் குடி முழுகிடாது."